கறுப்பில் மாட்டிய சிவப்பு ஒயர்

கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டி என்றால் ஸ்பீக்கர் பெட்டி. கடை அவருடையதல்ல, அண்ணனுடையது. சுவிட்ச், பல்பு, ஒயர், ஃபேன் விற்கிற மின்சாமான் கடை. அப்பா இறந்தபோது பெட்டிக்காரருக்குப் பத்தொன்பது வயது. "கொஞ்ச நாள் கடையில வந்து நில்லுடா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தாறு வருடமாகிவிட்டது. அப்புறம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணனைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். தம்பிக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தவர் அவர். வீடு பிடித்துக் கொடுத்தவர் அவர். தம்பி காய்ச்சலென்று படுத்தால் டாக்டருக்கு முன்னால் வந்து நிற்பவரும் அவர்தான். ஆனால் தம்பி ஒரு பல்பைக் கழற்ற ஏணியில் கால் வைத்தால், "தள்ளு தள்ளு, விழுந்து தொலைக்கப்போறே" என்று தானே ஏறிவிடுவார். வாடிக்கைக்காரர்கள் முன்னால் தம்பியின் தோளைத் தட்டி, "இவனுக்கு நான்தான் எல்லாம்" என்பார். கேட்கிறவர்கள் அண்ணனை மெச்சிவிட்டுத் தம்பியைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். நாற்பத்தைந்து வயது ஆம்பளையை நாளுக்கு நாலு பேர் அப்படிப் பார்த்தால் அவன் என்ன செய்வான்? இவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டி செய்தார்.

வீட்டின் பின்னறை அவருடைய பட்டறை. அதில் ஒட்டுப்பலகைத் துண்டுகள், பசை டப்பா, பற்றவைக்கிற கருவி, பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய பன்னிரண்டு அங்குல ஊஃபர்கள் எல்லாம் இருந்தன. கனமான சத்தத்துக்கு ஊஃபர், கூர்மையான சத்தத்துக்கு அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் ஹார்ன். ஊஃபர் பெட்டிக்குள் இருக்கும். ஹார்ன் பெட்டியின் தலைமேல் குந்தியிருக்கும், அதன் ஒயர் முனைகள் பின்பக்கம் வெளியே தெரியும். அழகு பார்க்கிற சாமான் இல்லை. கம்பெனிக்காரன் கேட்கிற விலையில் கால்வாசியில் அதே சத்தத்தைக் கொண்டுவர முடியும் என்பது அவர் வாதம். அதை அதுவரை யாரும் காசு கொடுத்துக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படி இருக்கையில் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் டியூப்லைட் வாங்க வந்தார். சங்கத்து மண்டபத்தில் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதாம், கூட்டத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே விளங்கவில்லையாம். பெட்டிக்காரர் வாயைத் திறந்து, தானே செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே வியர்த்தது. செயலாளர் நியாயமான மனிதர். "கம்பெனிக்காரங்க ஒரு ஜோடி கொண்டுவராங்க. நீங்களும் ஒரு ஜோடி கொண்டாங்க. பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேப்போம். எது நல்லா இருக்கோ அது" என்றார். அந்தச் சங்கத்துக்கு அதுபோல் இன்னும் நாலு மண்டபம் இருந்தது.

"இது மட்டும் கிடைச்சுட்டா நான் கடைக்குப் போகமாட்டேன்" என்று அன்று மனைவியிடம் சொன்னார். அண்ணனின் கடைக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வர அவருக்குக் கிடைத்த முதல் கதவு அது. நாற்பத்தைந்தில் இரண்டாவது கதவு திறக்கும் என்று நம்ப அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறவள். நாளெல்லாம் மைக்கில் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. "கிடைக்கும்ங்க" என்றாள். "மண்டபத்துல பாட்டா போடப்போறாங்க? பேச்சுத்தானே. பேச்சு நல்லாக் கேட்டா போதும்."

அந்தப் பேச்சில்தான் வம்பே இருந்தது. எந்தச் சத்தம் ஊஃபருக்கு, எந்தச் சத்தம் ஹார்னுக்கு என்று பிரித்து அனுப்புகிற சின்னப் பலகைக்குக் கிராஸோவர் என்று பெயர். விலை குறைந்த ஹார்ன் அடிமட்டத்துக்கு இறங்கினால் கருகிவிடும். பெரிய ஊஃபர் உயர ஏறினால் குளறும். இரண்டும் கைமாற்றிக்கொள்கிற இடம் மனிதக் குரலின் நட்டநடுவில் வந்து விழுகிறது. கிராஸோவரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பெட்டி எவ்வளவு முழங்கினாலும் பேசுகிறவன் என்ன சொன்னான் என்பது மட்டும் கேட்காது.

நான்கு மாதம் அந்த ஒரு பலகைக்காக அல்லாடினார். சோதிப்பதற்கு மனைவியின் குரலை ஒரு மெமரி கார்டில் பதிவு செய்துகொண்டார். என்ன படிப்பது என்று அவள் கேட்க, கையில் கிடைத்த இருமல் மருந்துத் துண்டுச்சீட்டைக் கொடுத்தார். "நன்றாகக் குலுக்கிவிட்டு அருந்தவும். உணவுக்குப் பின் இரண்டு தேக்கரண்டி. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் அந்த வீட்டில் இந்த மருந்துதான் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வந்து, "இருமல் இன்னும் குறையலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மனைவி பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிப்பாள். அவர் பலகையை மாற்றி மாற்றிப் போடுவார். முதலில் ஹார்னுக்குக் கனத்த சத்தத்தைத் தடுக்கிற கெப்பாசிட்டர் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தார். அதைவிட மலிவான வழி கிடையாது. "பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் சந்தையில் விற்கிற ரெடிமேட் பலகை. அதில் ஒட்டியிருந்த கணக்கும் உள்ளே இருந்த சாமானும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. "கிணத்துக்குள்ள நின்னு கத்துறேன்" என்றாள். கடைசியில் அவரே செப்புக் கம்பி வாங்கி, டேப் தீர்ந்த அட்டை வளையத்தில் சுற்றுக் கணக்கு எண்ணி, காயில் என்கிற கம்பிச்சுருளைச் சுற்றினார். ஊஃபருக்கு ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர். ஹார்னுக்கும் அதேபோல் ஒரு ஜோடி.

இந்த வகையில் ஒரு கோணல் உண்டு. இத்தனை உருப்படி நடுவில் உட்கார்ந்ததும், கைமாற்றுகிற இடத்தில் ஊஃபர் காற்றை முன்னே தள்ளும்போது ஹார்ன் பின்னே இழுக்கும். அது கொடுத்ததை இது அழித்துவிடும். அதற்கு மருந்து, ஹார்னின் ஒயரைத் தலைகீழாக மாட்டுவது. சிவப்பு ஒயர் ஹார்னின் கறுப்பு முனைக்கு, கறுப்பு ஒயர் சிவப்பு முனைக்கு. விவரம் தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். தெரியாதவர்களுக்கு இது பச்சைத் தப்பு.

முதலில் சிவப்பைச் சிவப்பில் மாட்டிப் போட்டுக் காட்டினார். "அடுத்த வீட்டுல இருந்து பேசுறேங்க" என்றாள் அவள். பிறகு ஒயரை மாற்றினார். மருந்துச் சீட்டு மறுபடி ஓடியது. "நன்றாகக் குலுக்கிவிட்டு" என்றதும் மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு அவள் சட்டென்று திரும்பினாள்.

"என்ன?"

"யாரோ பின்னால வந்து நின்னு பேசுற மாதிரி திரும்பிட்டேன்." அவள் சிரித்தாள். "நான்தானா அது! இதுதாங்க, இதை மாத்தாதீங்க."

அவருக்குச் சந்தேகம். சொல்லாமல் கொள்ளாமல் ஒயரைப் பழையபடி மாற்றிப் போட்டார். "என்ன பண்ணினீங்க? மறுபடி அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்" என்றாள். அந்த மத்தியானம் அவர் மனைவியைப் பார்த்த பார்வை கல்யாணமான புதிதில் பார்த்தது. அவள் காதுக்கு எந்த மீட்டரும் ஈடில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். சொன்னதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வைத்துக்கொள்ளவில்லை.

கேட்டுப் பார்க்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவிக்கு மருத்துவமனையில் முறை, வர முடியவில்லை. அண்ணன் தானே வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "தம்பி முதல்முதலா ஒண்ணு பண்றான், நான் இல்லாமலா?" வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அண்ணனே பெட்டியை இறக்கினார், மேடையில் ஏற்றினார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பெட்டிக்காரர் ஹார்ன்களைத் தலைமேல் வைத்துத் தன் கையால் ஒயரை மாட்டினார். சிவப்பு கறுப்பில், கறுப்பு சிவப்பில். இரண்டு பெட்டியையும் இரண்டு தடவை சரிபார்த்தார். செயலாளர் ஆம்ப்ளிஃபயரைக் காட்டக் கூப்பிட்டதும் கீழே இறங்கிப் போனார்.

கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதலில் அவர் ஜோடி. செயலாளர் மைக்கில் போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தார். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிய தீர்மானம். சுமாராகத்தான் இருந்தது, கொஞ்சம் மூக்கடைத்த குரல். பெட்டிக்காரர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். அடுத்து இவருடைய ஜோடி. அதே செயலாளர், அதே தண்ணீர்த் தொட்டி. குரல் அடுத்த வீட்டிலிருந்து வந்தது.

அடிச்சத்தம் இருந்தது, சீறல் இருந்தது, நடுவில் மனிதரைக் காணவில்லை. பின்வரிசையில் ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். பெட்டிக்காரருக்கு முதலில் ஒயர் ஞாபகம்தான் வந்தது. எழுந்து மேடைக்குப் போகக் காலெடுத்தார். அண்ணன் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எங்கே போறே? பதறாதே. நான் எல்லாத்தையும் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு."

உட்கார்ந்துவிட்டார். தன் கையால் மாட்டி இரண்டு தடவை பார்த்த ஒயர், அதற்குமேல் அண்ணனும் பார்த்திருக்கிறார். அப்படியானால் ஒயரில் கோளாறு இல்லை. கோளாறு கிராஸோவரில், கணக்கில், தன்னில். பின்னறையில் எடுபட்டது மண்டபத்தில் எடுபடவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான்கு மாதத்தையும் அவரே குப்பையில் போட்டார்.

செயலாளர் இறங்கி வந்து மரியாதையாகத்தான் சொன்னார். "முயற்சி நல்ல முயற்சி சார். ஆனா பேச்சு புரியலையே." டை கட்டியவர் கைகுலுக்க வந்தார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அதற்குள் அண்ணன் மேடையேறி ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டார். வேனில் வரும்போது, "விடுடா, கடை இருக்கு, நான் இருக்கேன்" என்றார். வீட்டுக்கு வந்து பெட்டியை ஒரு தடவை மாட்டிக் கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். தோற்றவனுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்? அன்று மத்தியானமே சுத்தியலை எடுத்துக் கிராஸோவரைப் பெயர்த்துவிட்டார். நூற்றுக்கணக்கில் எண்ணிச் சுற்றிய கம்பி தரையில் குவிந்து கிடந்தது.

மனைவி வேலை முடிந்து வந்து கதவருகே நின்றாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள்.

"எல்லாம் உன்னால" என்றார் அவர்.

"நான் என்னங்க பண்ணினேன்?"

"நல்லா இருக்குன்னு சொன்னியே. நல்லாவே இல்லை. உனக்கு அது அன்னிக்கே தெரியும். பாவம், மனுஷன் நாலு மாசமா கஷ்டப்படுறானேன்னு சொல்லிட்டே."

"எனக்குக் கேட்டதைத்தான் சொன்னேன். நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

"இருபது வருஷமா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு நீ சொன்னதெல்லாம் இப்படித்தானே? எங்கண்ணனாவது மூஞ்சிக்கு நேரா திட்டுவான். நீ பாவம் பாத்தே என் தலையில மண்ணைப் போட்டுட்டே."

அவள் குனிந்து, காலில் குத்தாமல் கம்பிகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் எதற்கும் அபிப்பிராயம் சொல்வதை நிறுத்திவிட்டாள். சமைத்தாள், பேசினாள், அவருக்கு உடம்பு சரியில்லாதபோது பார்த்துக்கொண்டாள், எல்லாம் செய்தாள். குழம்பில் உப்புச் சரியா என்று கேட்டால், "நீங்க சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்பாள். இந்தச் சட்டை நன்றாக இருக்கிறதா என்றால், "எனக்குத் தெரியாதுங்க, நீங்களே பாத்துக்குங்க" என்பாள். மூக்குக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில் இரண்டு ஃபிரேமை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நின்றார். "கடைக்காரர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். கடைக்காரன் விலை கூடியதைச் சொன்னான். அதைத்தான் இன்றைக்கும் போட்டிருக்கிறார், மூக்கில் நிற்காது.

அந்தப் பெட்டிகளையும் அண்ணன் வீணாகவிடவில்லை. வீணாகவிடுகிற ஆள் இல்லை அவர். ஹார்னுக்கு ஒற்றைக் கெப்பாசிட்டரைச் செருகி, ஒரு பெட்டியைக் கடை வாசலில் வைத்துத் தள்ளுபடி விளம்பரம் போட்டார். விளம்பரம் பதிய ஒரு மெமரி கார்டு வேண்டியிருந்தது. பெட்டியோடு வந்த கார்டை எடுத்து, அதில் கிடந்த இருமல் மருந்தை அழித்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தார். "வாங்க வாங்க, ஃபேன் வாங்கினால் பல்பு இலவசம்." பேனா மூடியைக் கடித்த குரலில் அண்ணன் நாளெல்லாம் கூவ, பெட்டிக்காரர் கவுண்டருக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் காலை ஒரு வாடிக்கைக்காரர் ஸ்பீக்கருக்கு ஒயர் கேட்டு வந்தார். பெட்டிக்காரர் சுருளிலிருந்து அளந்துகொண்டிருந்தார். "எந்த ஒயரை எதுல மாட்டணும்?" என்று வந்தவர் கேட்டதும், கல்லாவிலிருந்து அண்ணன் குலுங்கிச் சிரித்தார்.

"ஐயா, வேற எதை வேணா இவன்கிட்ட கேளுங்க. ஒயர் மாட்டுறதை மட்டும் கேக்காதீங்க."

"ஏன் அண்ணே?" என்றார் தம்பி.

"ஏனா? இத்தனை நாள் சொல்லலை. நீ மனசு கஷ்டப்படுவேன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இப்பதான் ரெண்டு வருஷம் ஆச்சே. அன்னிக்கு மண்டபத்துல சிவப்பைக் கொண்டுபோய்க் கறுப்புல மாட்டி வச்சிருந்தான்ங்க இவன்! மின்சாமான் கடையில பொறந்து வளந்த பய! நல்லவேளை, இவன் கீழே போனப்போ நான் பாத்தேன். சத்தம் போடாம மாத்தி வச்சேன். இல்லேன்னா அந்த டை கட்டினவன் பாத்துச் சிரிச்சிருப்பான்."

அளந்துகொண்டிருந்த ஒயர் பெட்டிக்காரர் கையிலிருந்து தரைக்கு வழிந்தது.

"ரெண்டு பெட்டியிலயுமா?"

"ரெண்டுலயும்தான்டா. ஒண்ணுல இருந்தா கை தவறிடுச்சுன்னு விடலாம்."

"அண்ணே, அது அப்படித்தான் மாட்டணும். அந்தக் கிராஸோவருக்கு ஹார்னைத் தலைகீழாத்தான் மாட்டணும். நீ மாத்தினதாலதான் பேச்சு கேக்கலை."

அண்ணன் வாடிக்கைக்காரரைப் பார்த்தார். வாடிக்கைக்காரர் அண்ணனைப் பார்த்தார். "சிவப்பு கறுப்புலயா!" என்று அண்ணன் மறுபடி சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். எனக்கே பாடம் எடுக்குறான் பாருங்க." பிறகு தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தோளைத் தட்டினார். "சரி சரி, விடு. உன் நல்லதுக்குத்தானே பண்ணினேன்."

அடிக்க வந்தவனைத் திருப்பி அடிக்கலாம். அணைக்க வந்தவனை என்ன செய்வது? பெட்டிக்காரருக்குத் தொண்டை வரை வந்தது, வாய்க்கு வரவில்லை. இருபத்தெட்டு வருடமாக அந்தத் தொண்டைக்கு அதுதான் பழக்கம். தரையில் கிடந்த ஒயரைச் சுருட்டி வெட்டிக் கொடுத்தார். வாடிக்கைக்காரர் போகிற போக்கில் மறுபடியும் கேட்டார். "அப்போ நான் எப்படி மாட்டட்டும்?"

"சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல" என்றார் பெட்டிக்காரர். அந்த வாடிக்கைக்காரரின் பெட்டிக்கு அதுதான் சரி.

அன்று சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். அண்ணன் கெடுத்துவிட்டார் என்ற கோபம் வழியிலேயே பாதி கரைந்துபோய், அதனடியில் ஒரு சந்தோஷம் வெட்கமில்லாமல் தலைதூக்கியது. கணக்கு தப்பில்லை. காயில் தப்பில்லை. அவள் காது தப்பில்லை. இதைச் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அந்த மனிதர் நிஜமாகவே நினைத்தார்.

மனைவி அப்போதுதான் வந்து கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். மேடை, ஒயர், அண்ணன், சிவப்பு, கறுப்பு. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு அந்தப் பெட்டி நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. நீ சொன்ன மாதிரியே இருந்துச்சு. நீ சொன்னது நிஜம்தான்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "உங்களுக்குத்தான் உங்கண்ணன் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்துச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கிலிருந்து வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். அவள் முகம் கழுவிவிட்டு வந்து, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள்.

"மறுபடி பண்ணலாம்னு பாக்குறேன்" என்றார் அவர். "அதே காயில், அதே கணக்கு. இந்தத் தடவை அண்ணனைக் கூப்பிடாம, நாம ரெண்டு பேர் மட்டும் எடுத்துக்கிட்டுப் போவோம். நீ என்ன சொல்றே?"

கையிலிருந்த சட்டையை அவள் நாலாக மடித்து, ஓரத்தைத் தடவி, அடுக்கின்மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "நீங்களே பாத்துக்குங்க."